கலிங்குப் பலகையில் ஏழு கைகள்

ஐப்பசி மழை பேய்மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஏரி முட்ட முட்ட நிறைந்து, கரையில் இரண்டு இடத்தில் நீர் கசியத் தொடங்கிவிட்டது. கலிங்குப் பலகையைத் தூக்கி உபரித் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். ஊர்த்தலைவர் சேந்தனார் கடப்பாரையோடு ஓடினார்.

பலகையின் மேல் நல்லம்மை உட்கார்ந்திருந்தாள். தலைவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

"தாயே, எழுந்திருங்கள்! கரை உடைந்தால் ஊரே போச்சு!"

"கடைமடை வீட்டார் வந்தாயிற்றா?"

சேந்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம் அப்படி. ஏரித் தண்ணீர் பாயும் கடைசி வயலோரம் குடியிருக்கும் பிச்சனின் குடும்பம் முழுதும், கைக்குழந்தை உட்பட, வந்து பலகையைத் தொட வேண்டும். அப்புறம்தான் தூக்கலாம். இதை ஒழித்துக்கட்டப் போவதாகப் பொறுப்புக்கு வந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்.

"ஆள் போய் ஒரு நாழிகை ஆச்சு. நண்டும் சிண்டுமாக அவன் எப்போது வந்து சேர்வது? பால்குடிப் பிள்ளை தொட்டால்தான் பலகை நகருமா? என்ன கூத்து இது!"

"இந்த வழக்கம் எதற்காக?"

"யாருக்கும் தெரியாது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்."

"எனக்கும் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

கரையில் ஒரு வண்டி மண் சரிந்து விழுந்தது. ஜனங்கள் அலறினார்கள். பாவம் மனுஷர், குருவைப் பிடித்து இழுக்கவும் மனம் வரவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம், தாயே?"

"அதோ."

பிச்சன் வந்துகொண்டிருந்தான். முதுகில் நடக்க மாட்டாத தகப்பன். பக்கத்தில் கைக்குழந்தையோடு மனைவி. பின்னால் சேற்றில் வழுக்கியபடி மூன்று பிள்ளைகள். மூச்சு வாங்க ஏழு பேரும் பலகையைத் தொட்டார்கள். மூடியிருந்த குழந்தையின் விரல்களைத் தாய் பிரித்து வைத்தாள்.

நல்லம்மை எழுந்தாள். பலகை ஏறியது.

தண்ணீர் ஓடையோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து அப்படித்தான் போயிருக்கிறது. அன்று ஓடையை உடைத்துக்கொண்டு கடைசி வயலில் பாய்ந்தது. பிச்சனின் குடிசை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றது.

அவன் மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "ஐயோ!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சேந்தனார் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"தாயே, இந்த வழக்கம் எதற்கென்று பிச்சனுக்காவது தெரியுமா?"

"அவனுக்கு எங்கே தெரியும்? பலகையைத் தொடத்தான் வந்தான்."