அமாவாசை வோல்டேஜ்

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் தெய்வசிகாமணியை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதுவும் சொல்ல மாட்டார்.

குப்புராஜ் அவரிடம் தொழில் கற்றவன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. பவுண்டரியில் டர்னர் வேலை பார்த்தவன், போன மாதம் அதை விட்டான். விட்ட அன்றைக்குச் சூப்பர்வைசரைப் பார்த்து, "செத்தாலும் இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தான். சொந்தப் பட்டறை போட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை.

செங்காட்டுப்புதூரில் காலியாகக் கிடந்த ஒரு தறிக்குடோன் வாடகைக்குக் கிடைத்தது. இரும்பு கடைகிற பெரிய லேத் ஒன்று விலைக்கு வந்தது. திரீ பேஸ் மெஷின், பத்து எச்.பி. மோட்டார். இன்னொருத்தனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் குப்புராஜ் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

காலையில் வாத்தியார் கடை வாசலில் வந்து நின்றான்.

"வாத்தியாரே, லேத்தை வாங்கிரலாமுங்களா?"

வாத்தியார் கருகிய கம்பியை மோட்டாருக்குள்ளிருந்து உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கரண்ட் பாத்தியா?"

"பாத்தேனுங்க. மூணு பேஸும் வருது. எதுக்கு எது வெச்சாலும் நானூத்திப் பதினஞ்சு வோல்ட்டு. நூல் புடிச்ச மாதிரி நிக்குது."

"எப்பப் பாத்தே?"

"நல்ல நாள் பாத்துத்தானுங்க. அமாவாசை அன்னிக்கு. சாமி கும்பிட்டுட்டு, குடோனைத் தொறந்ததும் மொத வேலையா மீட்டரை வெச்சேன்."

வாத்தியார் குறடைக் கீழே வைத்தார்.

"அமாவாசைக்கு அந்த ஊர்ல தறி ஓடுமா?"

குப்புராஜ் நினைத்துப் பார்த்தான். அமாவாசைக்கு அங்கே ஒருத்தரும் தறி ஓட்ட மாட்டார்கள். அன்றைக்குத் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. அவனுக்கு அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

"ஓடாதுங்க."

வாத்தியார் சுவரோரம் காட்டினார். எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன.

"இதெல்லாம் என்னிக்கு வாங்குனதுன்னு நெனைக்கறே?"

"தெரியலீங்க."

"எல்லாம் நல்ல நாள்ல வாங்குனது." எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "நான் கட்டி வெச்ச அந்தப் பத்து எச்.பி. மோட்டாரை ஒரு கை புடி. வண்டியில ஏத்து."

செங்காட்டுப்புதூரில் தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் கத்த வேண்டியிருந்தது. குடோன் தரையில் பழைய தறிக்குப் பதித்த போல்ட்டுகள் இருந்தன. அதிலேயே மோட்டாரை வைத்து முடுக்கினார்கள். மோட்டாரை ஓடவிடும் முன்பே வாத்தியார் மீட்டரை நீட்டினார்.

"வை."

குப்புராஜ் வைத்தான். நானூற்றைத் தொடவில்லை. ஒரு பேஸ் மற்ற இரண்டையும்விடத் தணிந்து கிடந்தது. அவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"அதை எதுக்கு அடிக்கறே? அது என்ன பண்ணும்?"

மோட்டார் ஓடத் தொடங்கியது. வாத்தியார் ஒரு புளியங்கட்டையைக் கொடுத்தார். சுற்றுகிற புல்லியின்மேல் கட்டையை வைத்துக் குப்புராஜ் அழுத்தினான். அப்போதுதான் மோட்டாருக்கு லேத்தை இழுப்பதுபோல வேலை. கட்டை புகைந்தது. மோட்டார் உறுமிக்கொண்டே களைத்தது. மீட்டரை இப்போது வாத்தியார் பிடித்திருந்தார்.

"முன்னூத்தி இருபத்தஞ்சு."

"லேத்து ஓடுமுங்களா?"

"ஓடும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் எங்கிட்ட வரும்."

குப்புராஜ் கட்டையை எடுத்தான். தெருப்பக்கம் பார்த்தான்.

"இந்தத் தறிக்காரங்க பூராத்தையும் இழுத்துப்போடறாங்க. நமக்கு எச்சந்தான் வருது."

வாத்தியார் கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, ஸ்டெபிலைசர் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கறேனுங்க. லைன்ல எவ்வளவு தணிஞ்சாலும் எம் மெஷினுக்கு முழுசா வந்துருமுங்களே?"

"வரும்."

குப்புராஜ் முகம் தெளிந்தது. "அப்ப வாங்கிரலாமுங்களா?"

"இந்த லைன் எங்க போய் முடியுது?"

"தெருக்கோடியிலங்க. மரகதக்கா தறிக்குடோன்."

"மீட்டரை எடுத்துக்கிட்டு அங்க போ. கட்டையை நான் அழுத்தறேன்."

"எனக்கு வர்றதைத்தானுங்களே பாக்கோணும்? அங்க போய் எதுக்குங்க?"

"போன்னா போ."

மரகதம் ஒற்றை ஆளாக நாலு தறி ஓட்டுகிறவள். குப்புராஜைப் பார்த்ததும் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"குடோன் எடுத்தவருங்களா? வாங்க வாங்க. லேத்து வருதாமா?"

"வருதுங்க்கா."

"நல்லதாப் போச்சு. இனி என் தறி ரிப்பேருக்குச் சோமனூர் அலைய வேண்டாம். பக்கத்து ஊட்டுக்காரின்னு சும்மாவே செஞ்சு குடுத்துருவீங்க."

"மொத ரிப்பேர் சும்மா. அடுத்ததுக்கு இருக்குதுங்க்கா."

"அட, வெவரந்தான்!"

சிரித்துக்கொண்டே சுவிட்ச் போர்டைத் திறந்தான். மீட்டர் வயரைக் கையில் எடுத்தான்.

தலைக்கு மேலே டியூப்லைட் துடித்தது. நாலு தறியின் சத்தமும் தணிந்தது, ஏறுகிற வண்டி திணறுவதுபோல. மூன்றாவது தறியில் குறுக்கு நூலோடு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டிய நாடா, பாதி வழியில் நெடுக்கே ஓடும் பாவு இழைகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. நூலை நெருக்கும் பலகை வந்து அதன்மேல் அடித்தது. பட் பட்டென்று இழைகள் அறுந்தன.

மரகதம் ஓடிப்போய்த் தறியை நிறுத்தினாள். பாவில் ஒரு சாண் அகலத்துக்கு இழை இல்லை. அவள் யாரையும் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரலை எச்சில் தொட்டு, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆரம்பித்தாள்.

"இந்நேரத்துக்கு இப்படி ஆகவே ஆகாதுங்க. இன்னிக்கு யாரு என்னத்தைப் போட்டாங்களோ."

குப்புராஜ் பக்கத்தில் குந்தினான். ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்கப் பார்த்தான். இரும்பு பிடித்த விரல். இழை அதில் நிற்கவில்லை.

"உடுங்க. லேத்துக்காரர் கை அது. இன்னிக்குப் பொழுது எனக்கு இதோட சரி."

"மரகதக்கா."

"ம்?"

"நாங்கதானுங்க. எங்க மோட்டாரு."

அவள் விரல் நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள்.

"அப்ப லேத்து வந்தா, தினமும் இப்படித்தானுங்களா?"

குப்புராஜ் எழுந்து வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் நின்றான். லேத் விற்கிறவருக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க குப்புராஜ். வண்டியில ஏத்தட்டுங்களா?"

"அந்த இன்னொருத்தருக்கே குடுத்துருங்க."

"என்னங்க இது! நேத்து வரைக்கும் தூக்கம் வரலைன்னீங்க?"

"இங்க லைன் பத்தாதுங்க. புது டிரான்ஸ்பார்மருக்கு எழுதிக் குடுத்து, அது வந்தப்புறம் பாக்கறேன்."

"அது என்னிக்கு வர்றது? அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

பவுண்டரிக் கேட் கண் முன்னால் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வேலைக்குப் போறேனுங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

குடோனுக்குத் திரும்பி வந்தபோது மோட்டார் நின்றிருந்தது. வாத்தியார் கட்டையில் கருகிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாவு போச்சா?"

"ஒரு சாணுக்குப் போச்சுங்க."

"எங்க ஊட்டுக்காரிக்குப் பிணைக்கத் தெரியும். வரச் சொல்லிட்டேன்."

குப்புராஜ் தலையாட்டினான். லேத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"மீட்டர் எத்தனை காட்டுச்சு?"

குப்புராஜ் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தான். வயர் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கேயும் வைக்கவே இல்லை.

"பாக்கலீங்க வாத்தியாரே."

வாத்தியார் கட்டையைக் கீழே போட்டார்.

"அப்பச் சரியாத்தான் பாத்திருக்கே. வா, மோட்டாரைக் கழட்டு."