நாலு மில்லிமீட்டர் நடுக்கம்

முதல் பரிசு கிடைச்ச மனுஷன் மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் லேசுப்பட்ட பரிசா? பொருநை மண்டலக் கோட்டோவியப் பரிசு. நாலு மாவட்டத்துல இருந்து படம் வந்து குவிஞ்சதுல, எங்க வகுப்பு ஆவுடையப்பன் சாருக்குத்தான் முதல் இடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையில பரிசு குடுக்கிறாங்க.

எங்க வகுப்புன்னா பாளையங்கோட்டையில ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. சொல்லித் தர்றது ஜாஸ்லின் டீச்சர், முப்பத்தொரு வயசு. படிக்கிற நாங்க அத்தனை பேரும் ரிட்டயர் ஆனவங்க. அவங்க எங்களை சார்ம்பாங்க, அம்மாம்பாங்க. நாங்க டீச்சர்ம்போம். பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும், எங்களுக்குப் பழகிப்போச்சு.

ஆவுடையப்பன் சார் முப்பத்தி நாலு வருஷம் சர்வேயரா இருந்தவர். நிலம் அளக்கிற சங்கிலியும் ஸ்கேலும் பிடிச்ச கை. வட்டம் போடச் சொன்னாக்கூட அது நேராப் போகத்தான் பார்க்கும். ஒரு தடவை பூசணிக்காய் வரையச் சொன்னா, வில்லங்கம் இல்லாத வீட்டு மனை மாதிரி ஒண்ணை வரைஞ்சு நீட்டினார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி இசக்கி அக்காவோடது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தவங்க. இப்போ கை நடுக்கம். டம்ளர் வரைஞ்சா விளிம்பு நடுங்கும், ஆனா உள்ளே காப்பி சூடா இருக்குன்னு நமக்குத் தோணும். அக்காவுக்கு அது தெரியாது. கை சொன்ன பேச்சு கேக்கலைன்னு ஒவ்வொரு தாளையும் குடுக்கும்போது மன்னிப்புக் கேட்பாங்க.

அது மேடைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. வகுப்பு பத்து மணிக்கு. சாவி என்கிட்ட இருக்கிறதால நான் சீக்கிரமே வந்து பென்சில் சீவிக்கிட்டு இருந்தேன். டீச்சர் ஜன்னலோரம் தாள் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. சார் ஒன்பதரைக்கே வந்துட்டார். என்னைக் கண்டுக்கவே இல்லை. பரிசு கிடைச்ச படத்தோட நகலை மேஜையில விரிச்சார்.

வயலோரத்துல சாய்ஞ்சு நிக்கிற ஒரு சர்வே கல், சுத்தி அருகம்புல். கல்லும் புல்லும் நடுங்கிக்கிட்டு இருந்தது. கூட நடுவர்கள் எழுதின கடிதம். அதை அவரே வாசிச்சார்.

"நடுங்கும் இக்கோட்டில், ஒரு மனிதர் தாம் வாழ்நாளெல்லாம் போட்ட கோடுகளைச் சந்தேகிப்பது தெரிகிறது."

வாசிச்சு முடிச்சு கடிதத்தைப் படத்துக்குப் பக்கத்துல வச்சார்.

"எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது டீச்சர். இந்த நடுக்கம் இசக்கியம்மாவோடது."

அப்புறம் கொட்டித் தீர்த்துட்டார். மூணு மாசமா பக்கத்துல உக்காந்து அவங்க கையையே பார்த்திருக்கார். அவங்க கசக்கிப் போட்ட தாளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், லென்ஸ் வச்சு அளந்திருக்கார். நாலு மில்லிமீட்டருக்கு ஒரு நெளிவு. கோடு திரும்புற இடத்துல கொஞ்சம் கூடுதல். அத்தனையும் நோட்டுல குறிச்சு, அதே அளவுல தன்னோட படத்துல போட்டிருக்கார். நடுக்கத்தை ஸ்கேல் வச்சு அளந்த ஆளை நான் என் ஆயுசுல அன்னைக்குத்தான் பார்த்தேன்.

இசக்கி அக்காவும் அதே போட்டிக்கு ஒரு டம்ளர் படம் அனுப்பியிருந்தாங்க. அதுக்கு ஒண்ணும் கிடைக்கலை. சாருக்குப் பரிசுன்னு தெரிஞ்சதும் முதல் ஆளா போன் பண்ணி வாழ்த்தினதும் அவங்கதான். அதுதான் இவரைப் போட்டு அறுத்திருக்கு.

சொன்னா பரிசு கையை விட்டுப் போயிடுமோன்னு பயம். சொல்லலைன்னா நடுவர்கள் எழுதின அந்த வரியை மேடையில வாசிப்பாங்க, அக்கா முன்வரிசையில உக்காந்து கை தட்டுவாங்க.

"முப்பத்தி நாலு வருஷம் கோடு போட்டேன். எல்லாத்துக்கும் கீழே மேலதிகாரி கையெழுத்துதான். ஒரு கோட்டுக்குக் கீழே என் பேரு வர்றது இதுதான் முதல் தடவை. நான் செஞ்சது திருட்டா, படிப்பா? நீங்க சொல்லுங்க டீச்சர், அப்படியே கேட்டுக்கிடுதேன்."

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வச்சாங்க. ரெண்டு வயலுக்கு நடுவுல கல் காணாமப் போய் வரப்புத் தகராறு வந்துட்டா, சர்வேயர் போய் எப்படித் தீர்ப்பாருன்னு கேட்டாங்க. எனக்கு எரிச்சலா வந்தது. மனுஷன் தவிச்சுக்கிட்டு நிக்கிறார், இந்தம்மா வரப்புக் கதை கேக்குது.

ஆனா டீச்சர் ஒப்புக்குக் கேக்கலை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்துல கை வச்சு உக்காந்துட்டாங்க. சாரும் கவலையை மறந்துட்டார். முதல்ல அந்த நிலத்தோட அளவு வரைபடத்தை, அதான் புலப்படம், எடுப்பாங்களாம். அசையாம நிக்கிற பழைய கல் ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அங்கே இருந்து சங்கிலி பிடிப்பாங்களாம். படத்துல ஆளுக்கொரு கோடு கிடையாதாம். ஒரே கோடுதான் ரெண்டு வயலுக்கும் எல்லையாம்.

"அப்ப அந்தக் கோடு யாருக்குச் சொந்தம் சார்?"

"ரெண்டு பேருக்கும்தான். தனியா ஒருத்தருக்குன்னு எழுத முடியாது."

டீச்சர் எழுந்து போய் அலமாரியில இருந்து இசக்கி அக்காவோட டம்ளர் படம் ஒண்ணை எடுத்துட்டு வந்து, கல் படத்துக்குப் பக்கத்துல வச்சாங்க.

"அப்ப இதை அளந்து சொல்லுங்க. உங்க படத்துல அவங்க எதுவரைக்கும், நீங்க எங்கே இருந்து?"

சட்டைப்பையில எப்பவும் இருக்கிற சின்ன ஸ்கேலை சார் எடுத்தார். குனிஞ்சு கல்லு மேல வச்சார், டம்ளர் விளிம்புல வச்சார். தலையை ஆட்டிக்கிட்டார். கல்லுல அளவு அப்படியே ஒத்துப்போச்சு. புல்லுக்கு வந்ததும் கை நின்னுபோச்சு. மறுபடியும் வச்சுப் பார்த்தார். ஒரு இடத்துல ரெண்டு மில்லிமீட்டர், ஒரு இடத்துல ஏழு, இன்னொரு இடத்துல நெளிவே இல்லை.

"இதை நான் எப்போ போட்டேன்னே தெரியலையே டீச்சர். நோட்டைப் பார்க்காமப் போட்டிருக்கேன்."

"அப்ப புல்லு உங்களுதா?"

சார் ஸ்கேலைத் திரும்பச் சட்டைப்பையில போட்டார். அப்புறம் நிமிர்ந்தார்.

"நாம ரெண்டு பேரும் இங்கே உக்காந்துக்கிட்டு முடிவு பண்ண முடியாது. பக்கத்து நிலத்துக்காரருக்கு முதல்ல நோட்டீஸ் குடுக்கணும். அவரு வந்து நிக்காம அளந்து கல்லு நட்டா செல்லாது. நாளைக்கே பிடுங்கி எறிஞ்சாலும் ஏன்னு கேக்க முடியாது."

ஆபீஸ்ல பேசுற அதே தோரணையில, ஒரே மூச்சுல சொல்லிட்டார். சொன்னதுக்கு அப்புறம்தான் தன் வாயில என்ன வந்ததுன்னு அவருக்கே உறைச்சிருக்கணும். முகம் செவந்துபோச்சு.

சுவர்க் கடிகாரத்துல பத்தாக அஞ்சு நிமிஷம். மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு ஒரு ஆள் ஏறி வர்ற சத்தம் கேட்டது. அது இசக்கி அக்கான்னு எங்க மூணு பேருக்குமே தெரியும்.

"நோட்டீஸ் குடுத்தாச்சா சார்?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

சார் இசக்கி அக்காவோட நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டார். மேஜையில விரிச்ச படத்தைச் சுருட்டலை.