நாற்பத்தொரு மைக்ரோ ஆம்பியர்

தேவசகாயம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்குமுன் இருபது வருடம் அதே ஆய்வகத்தில் வெற்றிடப் பம்புகளைப் பழுதுபார்த்தவர். அவருடைய ஆசிரியை மெஹருன்னிசா அவரைவிடப் பதினொரு வயது சின்னவர். ஆசிரியை மாணவரை சார் என்பார். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார்.

சிறிய விண்கலங்களை நகர்த்தும் உந்துகருவியை அங்கே சோதித்தார்கள். ஊசிமுனையில் நிற்கும் திரவத்தை மின்சாரம் நேர்மின்னூட்டத் துகள்களாகப் பீய்ச்சும். அந்த வேகத்தில் கலம் நகரும். சோதனையின்போது எதிரே ஓர் உலோகக் கிண்ணம் துகள்களைப் பிடிக்கும். எவ்வளவு வந்தது என்று மீட்டர் காட்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. துகள்கள் மோதினால் கிண்ணத்திலிருந்தே எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவை வெளியே போய்விட்டால், வந்ததைவிட மீட்டர் அதிகமாகக் காட்டும். அவற்றைத் திருப்பி உள்ளே தள்ளுவதற்குக் கிண்ணத்தின் வாயில் மின்சாரம் பாயும் ஒரு வலை இருந்தது.

போன வருடம் சுகிர்தா என்ற மாணவி அளந்தபோது முப்பது மைக்ரோ ஆம்பியர் வந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது நாற்பது. பிறகு கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு தேவசகாயம் அளந்தார். நாற்பத்தொன்று வந்தது. அதுதான் அறிக்கைக்குப் போனது. சுகிர்தாவுக்கு அளக்கத் தெரியவில்லை என்று பேச்சானது. அவள் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டாள். கருவி ஒரு விண்கலத்தில் ஏறி மேலே போனது.

இந்த ஜூனில், விண்கலம் உந்துவிசை போதாமல் கணக்கிட்ட காலத்துக்கு முன்பே கீழே இறங்கிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலை தேவசகாயம், கிண்ணம் இருந்த சோதனைக்கலனைத் திறந்தார். வலைக்குப் போகும் கம்பி உறைக்குள்ளேயே கழன்று கிடந்தது.

அவர் மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இது கருவியோட தப்பா மேடம், என் தப்பா?"

மெஹருன்னிசா எழுந்து வந்தார். கம்பியை முடுக்கச் சொன்னார். சோதனைக்கலனை மூடி, காற்றை வெளியேற்றி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆனது. இருவரும் சாப்பிடவில்லை.

கருவியை ஓட்டினார்கள். முப்பது.

மெஹருன்னிசா வலைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார். நாற்பத்தொன்று.

மறுபடி கொடுத்தார். முப்பது.

"சுகிர்தாவுக்குப் போன் போடுங்க சார்."

அவள் இப்போது கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். தேவசகாயம் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கம்பியா அண்ணா?"

"ஆமாம்மா. நான்தான் மாட்டினேன்."

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"பெல் அடிச்சிருச்சு அண்ணா. கிளாஸுக்குப் போகணும்."

வைத்துவிட்டாள்.

"திட்டியிருந்தாக்கூடத் தேவல மேடம்" என்றார் தேவசகாயம். உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

மெஹருன்னிசா விண்கலத்தை ஏவியவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அனுப்பிய எண் தவறு, சுகிர்தா அளந்ததே சரி, கலத்தைக் காப்பாற்ற இனி வழியில்லை. மூன்றே வரி. கீழே தன் பெயரை முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேவசகாயம் பதறிப்போனார்.

"என் பேர் மட்டும் இருக்கட்டும் மேடம். கம்பியை ஒழுங்கா மாட்டாதது நான். நீங்க என்ன செஞ்சீங்க?"

மெஹருன்னிசா பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவ முப்பதுன்னு வந்து நின்னப்போ, எல்லாத்தையும் கழட்டிப் பாருன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினேன் சார். நீங்க நாற்பத்தொண்ணுன்னு சொன்னப்போ லட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன்."