இடுப்பில் கொடி கட்டிய மாப்பிள்ளை

காட்டோடையின் வடகரையில் சடையன் என்ற பெருச்சாளி இருந்தது. அதன் வளைக்கு எட்டு வாசல். உள்ளே போக ஒன்று, ஓடிப்போக ஏழு.

வளை தோண்டுகிறவருக்கு இது நல்ல பழக்கம்தான். சடையன் மற்ற எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொண்டது. அங்கேதான் வம்பு.

ஒருமுறை முயல்களோடு சடுகுடு ஆடப் போனது. பாடிக்கொண்டே எதிராளியின் பக்கம் போய்த் தொட்டுவிட்டு வரவேண்டும். சடையன் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று நன்றாகப் பாடியது.

"உள்ள போப்பா!" என்று முயல்கள் கத்தின.

"போனா பிடிச்சிருவாங்களே!"

மூன்று நாள் ஆடியது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. அதுவும் யாரையும் தொடவில்லை. நான்காம் நாள் முயல்கள் அதைக் கூப்பிடவில்லை.

தென்கரையில் பூவாத்தா என்ற பெண் பெருச்சாளி இருந்தது. இரண்டும் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து, கோரைக்கிழங்கைக் கொறித்தபடி, கோடை முழுக்கக் கத்திக் கத்திப் பேசின. பேச்சு முற்றிக் காதலானது.

ஒருநாள் பூவாத்தா சொன்னது: "மழை வரப்போகுது. அமாவாசை அன்னைக்கு உச்சிப்பொழுதுல எங்க கூட்டம் மலைக்குப் போகுது. அதுக்குள்ள நீங்க நீந்தி வந்தா கல்யாணம். மாப்பிள்ளை தானே நீந்தி வரணும், அதுதான் எங்க வழக்கம். வரலைன்னா நான் அவங்களோட போயிடுவேன்."

"வந்துடறேன்!" என்றது சடையன். அதற்கு நீச்சல் தெரியாது.

நேரே நீர்நாயிடம் போய் நின்றது.

"இறங்கு!" என்றது நீர்நாய்.

"திரும்பி வர்றதுக்கு வழி?"

"முதல்ல போற வழியைக் கத்துக்க!"

சடையனுக்கு மனம் ஒப்பவில்லை. நீளமான சீந்தில்கொடி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தது. ஒரு நுனியைக் கரையிலிருந்த மருதமரத்தின் வேரில் கட்டியது. மறுநுனியை இடுப்பில் கட்டியது. பிறகு இறங்கியது.

ஒரு கை நீந்தியது. இன்னொரு கை கொடியைப் பிடித்திருந்தது. ஒரு கையால் நீந்தினால் நேரே போக முடியாது. ஐந்து நாள் சடையன் ஒரே இடத்தில் வட்டமடித்தது. ஆறாம் நாள் நீர்நாய் போட்ட அதட்டலில் இரண்டு கையாலும் நீந்தக் கற்றுக்கொண்டது. இடுப்புக் கொடியை மட்டும் அவிழ்க்கவில்லை.

"இது சும்மா, ஒரு தைரியத்துக்கு!" என்றது.

அமாவாசை வந்தது. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் சடையன் ஓடையில் இறங்கியது. பழுது சொல்ல முடியாத நீச்சல். நீர்நாயே வாயைப் பிளந்து பார்த்தது. தென்கரை மணல் காலில் தட்டியது. இன்னும் இரண்டே எட்டு. அங்கே கொடி இழுத்துப் பிடித்தது.

"வாங்க!" என்றது கரையில் நின்ற பூவாத்தா.

"கொடி எட்டலையே!"

"கடிச்சு விடுங்க! உங்களுக்குப் பல்லா இல்லை?"

பல் இருந்தது. அன்று காலையில்தான் அந்தப் பல்லால் ஒரு பனங்கொட்டையை உடைத்திருந்தது.

"கடிச்சிடலாம். ஆனா மலை எனக்கு ஒத்துக்கலைன்னா? உங்க அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னா?"

பூவாத்தாவின் கண் கலங்கியது. "எனக்குப் பிடிச்சிருக்கே! அது போதாதா?"

"போதும்தான். நாளைக்கு இன்னும் ரெண்டு முழம் முடிஞ்சுக்கிட்டு வந்துடறேனே!"

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்!"

சடையன் கொடியைக் கடிக்கத் தொடங்கியது. பாதி கடித்தது. மீதிப் பாதியில் பல்லை வைத்தபடி யோசித்தது.

அந்த நேரம் ஓடையில் அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டை ஒன்று கொடியில் மாட்டி இழுத்தது. பாதி கடித்த கொடி அப்போதே அறுந்திருக்கும். சடையனும் அங்கேயே கரையேறியிருக்கும். ஆனால் சடையன் கடித்த இடத்துக்கு அந்தப் பக்கம், மருதமரத்தை நோக்கிப் போன கொடியைப் பற்றி, இரண்டு கையாலும் பல்லாலும் இறுகப் பிடித்துக்கொண்டது. அன்று அது முழுமனதோடு செய்த வேலை அது ஒன்றுதான்.

கட்டை நழுவிப் போனது. நீரோட்டம் சடையனைக் கொடியோடு சுழற்றிக் கொண்டுபோய், பத்திரமாக, வடகரையில் ஒதுக்கியது.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அக்கரையில் பெருச்சாளிக் கூட்டம் வரிசையாக மலை ஏறியது. பூவாத்தா இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு பார்க்கவில்லை.

நீர்நாய் வந்து கொடியின் முடிச்சை அவிழ்த்துவிட்டது.

"உயிர் தப்பிட்டே. கொடி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு."

சடையன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது.

பாதி மனதோடு இறங்குகிறவர், எவ்வளவு நன்றாக நீந்தினாலும், புறப்பட்ட கரையில்தான் ஏறுவார்.