மூன்று நாள் இளவரசி

“வேறொரு உலகத்தில் சொன்ன பொய், இங்கேயும் பொய்தானா அம்மா?”

விறகு அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மை நிமிர்ந்து பார்த்தார். கேட்ட மாணவி நங்கை தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“யாரைப் பற்றிச் சொன்னாய்?”

“பொன்னியைப் பற்றி.”

வெள்ளையம்மையின் ஆசிரமத்துக்குப் பின்னால் ஓர் அருவி உண்டு. அதன் நீர்த்திரையைத் தாண்டினால் வேறு உலகங்கள். மாணவிகள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நங்கைக்குத் துணை எப்போதும் பொன்னிதான். இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

இந்த முறை அவர்கள் போய்ச் சேர்ந்தது, மழை தரையிலிருந்து மேல்நோக்கிப் பெய்கிற நாடு. எங்கும் முழங்கால் அளவு சேறு. நங்கை அன்றுதான் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். பொன்னி குனிந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

அந்தக் கோலத்தில்தான் அரண்மனை ஆட்கள் அவர்களைக் கண்டார்கள். மேலே பளிச்சென்று ஒருத்தி, கீழே சேற்றில் குளித்த ஒருத்தி. எந்த நாட்டு இளவரசி என்று பணிவாக விசாரித்தார்கள்.

நங்கைக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டாக ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். கீழே நிற்பவள் யார் என்று கேட்டார்கள்.

“என் வேலைக்காரி.”

மூன்று நாள் விருந்து நடந்தது. மூன்று நாளும் பொன்னி பின்னால் நின்று விசிறினாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பாயசம் நன்றாக இருந்ததா?”

அன்றிலிருந்து நங்கைக்குச் சோறு இறங்கவில்லை. பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள். பொன்னி எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இந்த வெட்கம் போக ஏதாவது விரதம் சொல்லுங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் பட்டினி கிடக்கிறேன் என்று கெஞ்சினாள்.

வெள்ளையம்மை கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். அருவிப் பக்கமிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

நனைந்த தலைப்பாகைகளோடு நான்கு பேர் முற்றத்துக்குள் வந்தார்கள். அந்த நாட்டு அரண்மனை ஆட்கள். இளவரசிக்குப் பட்டும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு பொன்னி வந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவளை அடையாளம் கண்டு, பெட்டியை அவள் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நங்கைக்கு உடம்பெல்லாம் கூசியது.

வந்தவர்களில் மூத்தவர் வெள்ளையம்மையைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

“நானும் இளவரசியின் வேலைக்காரிதான்” என்றார் வெள்ளையம்மை. சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். பொன்னியிடம் போய், பெட்டியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்கே இறக்கட்டும், இளவரசி?”

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே காத்து நின்றார். பெட்டி கனமானது. அவர் கழுத்து நடுங்கியது.

நங்கை ஓடினாள். நேரே பொன்னியிடம் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் காதருகே சொன்னாள்.

“நான் இளவரசி இல்லை. நீ வேலைக்காரி இல்லை. நான் சொன்னது பொய்.”

பொன்னி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“அது எனக்குத் தெரியும்” என்றாள். “அவர்களுக்குத்தான் தெரியாது.”