மதாம் ஓட்டிய ஸ்கூட்டர்

புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு பிரெஞ்சு எடுத்தவர் செலஸ்தின் மதாம். அவருடைய மாணவி கோகிலாம்பிகை. எழுத்தில் அவளை அடிச்சுக்க ஆளில்லை. பேசச் சொன்னால் போச்சு! மாதிரி வாய்மொழித் தேர்வில் கடைசிவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நிஜமான வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் பிரான்சில் படிக்க உதவித்தொகை. வேறு வழியே கிடையாது.

சாயங்காலம் பள்ளி வாசலில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதாம் வந்ததும் ஓடினாள்.

"மதாம், எனக்கு ஏன் பேச வரல?"

"பதில் தெரியாதா?"

"தெரியும். தமிழ்ல யோசிச்சு, பிரெஞ்சுல மாத்தி, தப்பு இருக்கான்னு பாக்குறேன். அதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுது."

மதாம் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"ஏறு. உன் வீட்டுக்கு வழி சொல்லு. பிரெஞ்சுல."

முதல் திருப்பம் வந்தது. மதாமிடம் மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று கோகிலா வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிப்பதற்குள் திருப்பம் போய்விட்டது. மதாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனதில் அவள் வீட்டு வாசலே வந்தது. நிறுத்தச் சொல்ல நல்ல வார்த்தை தேடினாள். வாசலில் நின்ற அம்மா கையை ஆட்டினார். வண்டி அதுபாட்டுக்குப் போனது.

"ஐயோ, என்ன மதாம் இது! வீடு போயிடுச்சு! நான் படிக்க வேணாமா?"

தனக்குத் தமிழே தெரியாது என்று மதாம் பிரெஞ்சில் சொன்னார். கோகிலாவுக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன.

கடற்கரைச் சாலை. மணி ஆறு. இனி அங்கே வண்டி போகக்கூடாது. போலீஸ்காரர் இரும்புத் தடுப்பைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். மதாம் நேரே அதை நோக்கி விட்டார்.

நிறுத்தச் சொல்லிக் கோகிலா கத்தினாள். பிரெஞ்சில்தான். வாக்கியத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

தடுப்புக்கு முன்னால் வண்டி நின்றது.

"ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்றார் போலீஸ்காரர்.

மதாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு வண்டியைத் திருப்பினார்.  அந்த நிலையிலும் கோகிலாவுக்குத் தான் கத்திய பிரெஞ்சுதான் உறுத்தியது.

"நான் சொன்னது தப்பு மதாம். நல்லா யோசிச்சிருந்தா சரியா சொல்லியிருப்பேன்."

"தப்புதான்," என்றார் மதாம். "ஆனா நின்னுட்டோம்ல? உங்கம்மா இன்னும் வாசல்லதான் நிப்பாங்க. வழி சொல்லு."