சுரைக்குடுக்கை சொன்ன சாட்சி

ஒரே ஒரு ஊர்ல, பெரிய தாமரைக்குளத்தங்கரையில, வீராயின்னு ஒருத்தி இருந்தாளாம். குளத்துல இறங்கித் தாமரை இலை பறிச்சு வித்துப் பிழைக்கிறவ. அவ புருஷன் சடையாண்டி இருக்கானே, கை நீட்டுற பய. அடி பொறுக்காம, அஞ்சு வயசுப் பொண்ணு பூவாத்தாளத் தூக்கிக்கிட்டுத் தனியா வந்துட்டா. வந்தது தப்பா? நீயே சொல்லு.

பிள்ளையப் பிடுங்கிட்டா இவ தன்னால வந்து நம்ம வீட்டு அடுப்படியில விழுவான்னு நினைச்சு, சடையாண்டி ஊர் மணியக்காரர்கிட்டப் போயி, "ஐயா, இவ என் பிள்ளையத் தண்ணியில தள்ளி விடுறா, பிள்ளை உசுருக்கு ஆபத்து"ன்னு அழுதான். அவன் அண்ணன் பார்த்தேன்னான், மச்சான் பார்த்தேன்னான், சித்தப்பன் பார்த்தேன்னான். மணியக்காரரு குளத்துப் பக்கமே போகல, பிள்ளைய ஒரு வார்த்தை கேக்கல. "பிள்ளை அப்பன்கிட்ட இருக்கட்டும், ஆத்தாக்காரி அமாவாசைக்கு அமாவாசை வேலிக்கு வெளிய நின்னு பார்த்துட்டுப் போகட்டும்"னு தீர்ப்பு சொல்லிட்டு வெத்திலை போடப் போயிட்டாரு.

பிள்ளையப் பறிகொடுத்துட்டு நின்னா வீராயி. அழுதா, ஆனா அழுதுக்கிட்டே உக்காரல. அரண்மனைக்கு நடந்தா. காவக்காரன், "மணியக்காரர் சொன்னா சொன்னதுதான், போ"ன்னான். மறுநாளும் போனா, போன்னான். மூணாம் நாளும் போயி, "மணியக்காரருக்கு மேல ராசான்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா?"ன்னு கத்துனா பாரு, சோறு தின்னுக்கிட்டிருந்த ராசா கை கழுவாம வெளிய வந்துட்டாரு.

வீராயி சொன்னத முழுசாக் கேட்டுட்டு, ராசா எல்லாரையும் குளத்தங்கரைக்கே வரச்சொல்லி, சாட்சிக்காரங்களக் கேட்டாரு.

"பிள்ளை தண்ணியில கிடந்தப்போ இடுப்புல என்ன கட்டியிருந்துச்சு?"

அண்ணன், "அதப் பார்க்கலையே"ன்னான். மச்சானும் பார்க்கலையாம். சித்தப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "சுரைக்குடுக்கைதான் சாமி"ன்னு உளறிட்டான்.

வீராயி மடியில கொண்டு வந்த குடுக்கைய எடுத்துக் காட்டுனா. "இதக் கட்டித்தான் சாமி நீச்சல் பழக்குவோம். தண்ணியிலதான் எங்க பிழைப்பு. பிள்ளை தவறி விழுந்தாலும் மிதக்கணும்ல?"

"பொய்யி! எவ்வளவு ஆழம்னு காட்டுறேன் பாருங்க"ன்னு சடையாண்டி கரையில கிடந்த பரிசல்ல ஏறி நடுக்குளத்துக்குப் போயி, எந்திரிச்சு நின்னு கத்துனான். பரிசல்ல எவனாவது எந்திரிச்சு நிப்பானா? கவுந்துருச்சு!

அண்ணன் கரையில, மச்சான் கரையில, சித்தப்பன் கரையில. ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. விட்டுடலாம்னு வீராயிக்கு ஒரு நிமிசம் தோணாமலா இருந்திருக்கும்? ஆனா பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்குதே. குதிச்சா, அவன் முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. குடுக்கைய எடுத்துக் கட்டிக்கிட்டு எதிர்க்க நீந்தி வந்த பூவாத்தா, "அப்பா, வாய மூடிக்க, கால உதை"ன்னு சொல்லிக் குடுக்குது!

ராசா பிள்ளையக் கேட்டாரு. "யாருகிட்டம்மா இருக்கப் போற?"

"எங்க ஆத்தாகிட்ட. அப்பா வந்து பார்க்கட்டும், அடிக்கக்கூடாது."

அதுவே தீர்ப்பாச்சு. வீராயி பிள்ளைய இடுப்புல தூக்கி வச்சா பாரு, ஊரே குலவை போட்டுச்சு. சடையாண்டி, பொய்சாட்சி மூணு பேரு, கேக்காமத் தீர்ப்பு சொன்ன மணியக்காரரு, அஞ்சு பேரும் குடுக்கை கட்டிக்கிட்டுப் பூவாத்தாகிட்ட நீச்சல் பழகணும்னு ராசா உத்தரவு. மீசை வச்ச அஞ்சு பேரும் குளத்துல தத்தளிக்க, கரையில நின்னு பூவாத்தா அதட்டுது, "மணியக்காரரே, கால உதைங்க!"

பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு பேசுறவங்க, மொதல்ல அந்தப் பிள்ளையக் கேக்கணும். அவங்க அங்க நீந்தட்டும், நீ இங்க கண்ண மூடித் தூங்கு.